இரண்டு சீட்டு வண்டி

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து ஒழுங்காக வராது. முன்னால் நடந்தது பின்னாலும் பின்னால் நடந்தது முன்னாலும் போய்விடும். சென்ற வாரம் நாங்கள் கரமனைக்குக் குடிவந்த கதையை எழுதினேன் அல்லவா? அதில் என் சின்ன நாத்தனார் பிறந்த ஊரை மாற்றி எழுதிவிட்டேனாம். போன் போட்டு, "மதினி, என்னைய எங்க கொண்டு போய்ப் பெத்துப் போட்டீங்க?" என்று கேட்டாள். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வாரம் ஒரு காரைப் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன். காரைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்டால், அதன் சீட்டு தெரியும். தைத்தவள் நான்தான்.

அந்தக் கார் எங்கள் பட்டறைக்கு வந்தபோது மழை விட்டு வெயில் அடித்தது. லாரியிலிருந்து பலகை வைத்து இறக்கினார்கள். மேலே கட்டியிருந்த தார்ப்பாயை அவிழ்த்ததும் ஒரு வாசனை வந்தது. நனைந்த தேங்காய் நாரும் துருவும் சேர்ந்த வாசனை. உள்ளே எட்டிப் பார்த்தேன். சீட்டில் காளான் முளைத்திருந்தது.

முன்பு நல்ல சிவப்பாக இருந்திருக்கும். இப்போது காய்ந்த மிளகாய் வற்றல் நிறம். மேலே கூரை கிடையாது. அவ்வளவு தாழ்வான வண்டியை அதற்கு முன் நான் பார்த்தது இல்லை. என் இடுப்பு உயரம்கூட வராது. ஜப்பானில் செய்தது என்றார்கள். பெயர் சொன்னார்கள், என் வாயில் அது நுழையவில்லை. என் வீட்டுக்காரர் அதற்கு 'ஜப்பான்காரி' என்று பெயர் வைத்துவிட்டார்.

வண்டியைக் கொண்டுவந்தவர் கரமனை அக்ரஹாரத்து ரமணி சாமி. சர்க்கார் ஆபீசில் வேலை. அவருடைய அண்ணா அரபு நாட்டுத் துறைமுகம் ஒன்றில் இருந்தார். ஊரோடு வந்துவிடும் எண்ணத்தில் காரை முதலில் கப்பலில் அனுப்பிவிட்டார். கார் வந்தது, அவர் வரவில்லை. வருஷக்கணக்கில் அது வீட்டுக் கொல்லையில் கிடந்து மழையைக் குடித்தது. இப்போது அண்ணா லீவில் வருகிறார் என்று தகவல்.

"அண்ணா வர்றதுக்குள்ள இதை ஓட வச்சுடணும், முத்தையா" என்றார் ரமணி சாமி என் வீட்டுக்காரரிடம். "அந்த ஊர் வண்டி, ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கு பாரு. அதை வலது பக்கம் மாத்தணும். கொஞ்சம் தூக்கியும் விடணும். வயிறு தரையில இடிக்கறது."

"சாமி, இதுல எத்தன பேர் உக்காரலாம்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"ரெண்டே பேர்தான்."

"பின்னால?"

"பின்னால பெட்டி வைக்கத்தான் இடம்."

"அப்போ மாமியாரக் கூட்டிட்டுப் போக முடியாது. நல்ல வண்டி."

எல்லோரும் சிரித்தார்கள். நான் உள்ளே ஒரு ஆட்டோ சீட்டுக்கு ரெக்ஸின் வெட்டிக்கொண்டிருந்தேன். சிரிப்பு எனக்கும் வந்தது. ஆனால் 'ரெண்டே பேர்' என்ற சொல் மட்டும் மனதில் தங்கிவிட்டது.

முன்னால் நான், பின்னால் அவர்

அது ஏன் தங்கியது என்று சொல்ல வேண்டும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கல்யாணம் முடிந்து தென்காசிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பஸ்ஸில் வந்தோம். பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். நான் மாமியாரோடு முன்னால் உட்கார்ந்தேன். அவர் கடைசியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து வந்தது. ஒவ்வொரு ஊரில் நிற்கும்போதும் அவர் இறங்கிவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன். அந்த மனிதரை விட்டால் போகிற ஊரில் எனக்கு யாரையும் தெரியாது.

நெடுமங்காட்டில் ஏறிய ஒரு அம்மாள் அதைக் கவனித்துவிட்டாள். "பேடிக்கண்டா மோளே, ஆளு அவிடத்தன்னெ உண்டு" என்று என் தொடையில் தட்டினாள். எனக்கு அப்போது மலையாளம் தெரியாது. பயப்படாதே, ஆள் அங்கேயேதான் இருக்கிறான் என்று அவள் சொன்னது, அவள் சிரித்த சிரிப்பிலேயே புரிந்தது. மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதன் பிறகு நான் திரும்பவில்லை.

பிறகும் அப்படியேதான். சாலைக் கடைத்தெருவுக்குப் போனாலும் ஊருக்குப் போனாலும் நான் முன்னால், அவர் பின்னால். கோயிலில் அந்தப் பக்கம், இந்தப் பக்கம். சினிமாவுக்கு எப்போதாவது போனால் பெண்களுக்குத் தனி இடம். அவரிடம் ஒரு சைக்கிள் இருந்தது. "கேரியர்ல உக்காரு" என்பார். தெருவே பார்க்கும் என்று மாட்டேன் என்றுவிடுவேன். அப்படியே உட்கார்ந்தாலும் அவர் முதுகைத்தானே பார்க்க வேண்டும்?

சோறு போடும்போது எதிரே பார்த்திருக்கிறேன். பட்டறையில் எதிரே பார்த்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு போனது ஒரு தடவைகூட இல்லை.

இந்த வண்டியில் வேறு மாதிரி உட்கார வழியே கிடையாது. இதில் ஒரு தடவை, ஒரே தடவை, அவரோடு போக வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. அண்ணா வந்து எடுத்துக்கொண்டு போவதற்குள்.

நார் அடைத்த நாட்கள்

வண்டியின் தரையில் பாதி இல்லை. காலை வைத்தால் மண்ணில் வைக்கலாம். துருப்பிடித்ததை எல்லாம் அவர் அறுத்து எறிந்தார். புதுத் தகடு வாங்கி, மணல் மூட்டையில் வைத்துத் தட்டித் தட்டி வளைத்தார். டங் டங் என்று பகல் முழுக்கக் கேட்கும். இப்போதும் பக்கத்தில் யாராவது பாத்திரம் தட்டினால் என் கை ஊசியைத் தேடுகிறது.

அந்த வண்டிக்கு இங்கே ஒரு சாமானும் கிடைக்காது. முன் விளக்கு ஒரு உடைந்த அம்பாசடரிலிருந்து வந்தது. பின் ஸ்பிரிங் பட்டையில் இன்னொரு தகடு சேர்த்து வண்டியைத் தூக்கினார். "ஜப்பான்காரிக்கு ஹீல்ஸ் செருப்பு போட்டாச்சு" என்றார்.

சீட்டு என் பங்கு. பழைய உறையை ஒரு கிழிசல் இல்லாமல் பிரித்து, அதையே அளவாக வைத்துப் புதிதாக வெட்டினேன். கறுப்பு ரெக்ஸின், ஓரத்தில் சிவப்புப் பைப்பிங். மடிப்பு வரும் இடத்தில் மிஷின் ஊசி உடையும். அங்கெல்லாம் குத்தூசியும் மெழுகு போட்ட நூலும். உள்ளே சகிரி அடைத்தேன். தேங்காய் நாரைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். அதைச் சரிசமமாக அடைக்க வேண்டும். இல்லையென்றால் உட்கார்ந்தவர் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார். அதைக் கையால் அழுத்திப் பார்த்தால் தெரியாது. உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

அப்படி நான் அதில் உட்கார்ந்திருக்கிறேன். சக்கரம் இல்லாமல் வண்டி கட்டைமேல் நின்றபோது. இந்தச் சீட்டில் ஒரு தடவை, அந்தச் சீட்டில் ஒரு தடவை. அவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

அன்று சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். "என்னங்க..."

"என்ன?" என்று அடியிலிருந்து குரல்.

"நூல் தீந்து போச்சு."

நூல் தீரவில்லை. மறுநாள் அவர் சாலைக் கடைத்தெருவிலிருந்து ஒரு பெரிய நூல்கண்டு வாங்கி வந்தார். இரண்டு நாள் கழித்து மறுபடி வாயெடுத்தேன். மறுபடியும் நூல். "நீ சீட்டு தைக்கியா, கப்பலுக்குப் பாய் தைக்கியா?" என்று கேட்டார். அந்த நூலை வைத்து வெகுகாலம் தலையணை தைத்தேன்.

எதிரே நின்றவரின் வலது கை

ஸ்டீயரிங் மாற்றுவதற்குக் காஸ் வெல்டிங் வேண்டும். அது எங்களிடம் இல்லை. எங்கள் பட்டறை ஆற்றுப் பக்கம் தாழ்வில் இருந்தது. மேலே பிள்ளையார் கோயிலை ஒட்டி வேலப்பனின் வெல்டிங் கடை. வேலப்பன் மலையாளி. என் வீட்டுக்காரரை அண்ணாச்சி என்றும் என்னை அக்கா என்றும் கூப்பிடுவார். வண்டியை ஒரு ஜீப்பில் கட்டி அங்கே இழுத்துப் போனார்கள்.

ஸ்டீயரிங் தண்டுக்குக் கீழே ஒரு இரும்புப் பெட்டி உண்டு. அதுதான் சக்கரத்தைத் திருப்புவது. இடது பக்கம் இருந்ததை வலது பக்கம் வைத்தால் போல்ட் ஓட்டை சேரவில்லை. பெட்டியைக் கவிழ்த்து வைத்தால் சேர்ந்தது. கவிழ்த்து வைத்து ஒட்டிவிட்டார்கள்.

பிறகு சோதித்துப் பார்த்தார்கள். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டு, என் வீட்டுக்காரர் உள்ளே உட்கார்ந்து வலது பக்கம் திருப்பினார். வேலப்பன் வண்டிக்கு எதிரே, வண்டியைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"எந்தப் பக்கம் போகுது?"

"வலத்தோட்டு, அண்ணாச்சி. ஒக்கே சரியாணு."

வேலப்பன் பொய் சொல்லவில்லை. அவருடைய வலது கைப் பக்கம்தான் போனது. எதிரே நின்றவருக்கு வலது என்றால் வண்டிக்கு அது இடது. அதை அங்கே இருந்த ஒருவரும் யோசிக்கவில்லை.

பிள்ளையார் முன்னால்

பழுது பார்த்த வண்டியைச் சாமி முன்னால் நிறுத்தித்தான் முதல் தடவை எடுப்பது என்று அவருக்கு ஒரு பழக்கம். நான் எலுமிச்சம்பழமும் சூடமும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். வெல்டிங் பொறி படாமல் இருக்கக் கழற்றி வைத்திருந்த சீட்டு இரண்டையும் அன்று காலையில்தான் திரும்பப் பொருத்தியிருந்தேன். நான்கு சக்கரத்துக்கும் பழம் வைத்தார்கள். தேங்காய் உடைத்தார்கள். என்ஜின் ஒரே தடவையில் பிடித்தது. சத்தம் எப்படி இருந்தது என்றால், பெரிய தேனீக் கூட்டம் மாதிரி.

அவர் என்னைப் பார்த்தார். "வாரியா?" என்றார். அவ்வளவு பேர் முன்னால் கேட்டுவிட்டார். நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டிவிட்டேன், மாட்டேன் என்று. அந்தத் தலையைக் கழற்றி வீசியிருக்கலாம் என்று உடனே தோன்றியது.

அவர் வண்டியை எடுத்தார். ரோட்டுக்குப் போக வலது பக்கம் திருப்பினார். வண்டி இடது பக்கம் போனது. இன்னும் திருப்பினார். இன்னும் இடது பக்கம் போனது. பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைக்கும் கல்லில் போய் டமார் என்று முட்டி நின்றது.

"எந்தரடே இது, கண்ணு காணான் வய்யே?" என்று கோயில் வாசலில் இளநீர் விற்கிறவள் எழுந்து நின்று, கண் தெரியவில்லையா என்று கத்தினாள்.

வேலப்பன் கையில் இருந்த தேங்காய் மூடியோடு ஓடி வந்தார். "எந்தா அண்ணாச்சி, வண்டிக்கு பிராந்தா?"

"வண்டிக்கு இல்லடே. உனக்கும் எனக்கும்தான் பைத்தியம். நீ எங்க நின்னு பாத்த?"

வேலப்பன் எதிரே போய் நின்று காட்டினார். வலது கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. "அய்யோ" என்றார்.

ஆளுக்குப் பெரிய அடி இல்லை. வண்டியின் முன் தகடு நெளிந்து, ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் ஒழுகி ஓடிவிட்டது. இனி என்ஜினைப் போட முடியாது. ரேடியேட்டர் வேலை எங்கள் பட்டறையில்தான் நடக்க வேண்டும். ஜீப்காரன் போய்விட்டான். தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

ஓட்டத் தெரியாத ஆள்

தள்ளுவதற்கு ஆள் இருந்தது. ஸ்டீயரிங் பிடிக்கத்தான் ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் முதலில் உட்கார்ந்தார். பெட்டி கவிழ்ந்திருப்பதால் எல்லாம் எதிர்ப்பக்கம் என்று அவருக்குத் தெரியும். ஆனால் வண்டி ஓரம் போகும்போது கை தானாகப் பழைய மாதிரிதான் திருப்பியது. சாக்கடை ஓரம் வரை போய் நின்றது. வேலப்பன் உட்கார்ந்தார். அதே கதை. வேடிக்கை பார்த்த ஒரு டாக்ஸி டிரைவர், "மாறு, மாறு, ஞான் கண்ணடச்சு ஓட்டும்" என்று, கண்ணை மூடிக்கொண்டே ஓட்டிவிடுகிற மிதப்பில் ஏறினார். கண்ணைத் திறந்துகொண்டே இளநீர்க் குவியலில் விட்டார். இளநீர்க்காரி அவருடைய குலம் கோத்திரம் எல்லாவற்றையும் சொல்லித் திட்டினாள்.

என் வீட்டுக்காரர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். பார்வை என்மேல் வந்து நின்றது.

"ஏளா, நீ ஏறு."

"நானா? எனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. அதுக்காகத்தான் சொல்லுதேன்."

"எல்லாரும் பாக்காவ..."

"பாக்கட்டும். அண்ணா வர்ற நேரத்துல இத ரோட்டுல போட்டுட்டு ரமணி சாமிகிட்ட என்ன சொல்ல?"

"அக்கா கேறட்டே" என்றார் வேலப்பன். "ஞங்களோட கை கெட்ட பழக்கம் படிச்சுப் போச்சு."

இந்தத் தடவை என் தலை ஆடவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். உட்கார்ந்ததும் ஒரு பள்ளத்தில் இறங்கிய மாதிரி இருந்தது. உலகமே என்னைவிட உயரம். நான் அடைத்த சகிரி எனக்கு அடியில் கிறீச் என்றது.

"ரோட்டப் பாக்காத. வண்டி எங்க போகுதுன்னும் பாக்காத" என்றார் அவர். "என் கையப் பாரு. கை எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் வளையத்தத் திருப்பு. கீழ காலால ஒண்ணையும் மிதிக்காத."

பின்னால் ஆட்கள் தள்ளினார்கள். அவர் என் கதவோரம் நடந்தார். எதிர்ப்பக்கக் கணக்கை அவர் தலைக்குள் போட்டு, கையில் எனக்குக் காட்டினார். நடந்துகொண்டு யோசித்தால் அவருக்குக் கணக்கு வந்தது. நான் அந்தக் கையை மட்டும் பார்த்தேன். நகத்தில் கிரீஸ் இருந்தது. கட்டைவிரலில் பழைய வெட்டுத் தழும்பு. கை இந்தப் பக்கம் சாய்ந்தால் நானும் சாய்ந்தேன். அந்தப் பக்கம் போனால் நானும் போனேன். வண்டி ஒழுங்காக, ஒரு பூனை மாதிரி ரோட்டின் நடுவில் போனது.

எனக்கு இடது பக்கம் சீட்டு காலியாக இருந்தது. அதை நான் பார்க்கவில்லை. ஆனால் அது காலியாக இருப்பது உடம்புக்குத் தெரிந்தது.

இறக்கம்

ஆற்றுப் பக்கம் ரோடு இறங்க ஆரம்பித்தது. "விடுங்கடே, இனி அது தானாப் போகும்" என்று அவர் பின்னால் பார்த்துச் சொன்னார். வண்டி தானாக நகர்ந்தது. என் பக்கத்திலிருந்து அவரைக் காணவில்லை. எனக்கு உயிர் போய்விட்டது. அடுத்த நொடி பின்னால் சுற்றி ஓடி வந்து, இடது பக்கக் கதவைத் திறக்காமலே தாண்டிக் குதித்து, அந்தச் சீட்டில் விழுந்தார். அவர் அப்படிக் குதித்து நான் பார்த்தது அன்றுதான்.

நடுவில் இருந்த ஹேண்ட் பிரேக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையை எனக்கு முன்னால் நீட்டி, இப்படி, அப்படி என்று காட்டினார். கொஞ்ச தூரம் போனதும் அந்தக் கையை எடுத்துவிட்டார்.

"இனி நேரேதான். ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா பிடிச்சுக்க."

அப்போதுதான் நான் தலையைத் தூக்கி முன்னால் பார்த்தேன். அவரும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். என்ஜின் சத்தம் கிடையாது. டயர் ரோட்டில் உரசும் சத்தமும், நெளிந்த தகடு ஆடும் சத்தமும் மட்டும். காற்று வந்து என் காதோர முடியைக் கலைத்தது. தூரத்தில் ஆறு. அக்கரையில் யாரோ வெள்ளை வேட்டிகளை வரிசையாகக் காயப்போட்டிருந்தார்கள். என் தோளில் அவர் தோள் இடித்துக்கொண்டே வந்தது. அவ்வளவு குறுகிய வண்டி.

"சீட்டு நல்லா இருக்கு" என்றார்.

நான் வளையத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"என்ன, பயமா?"

"இல்ல."

பட்டறை வாசல் வந்தது. அவர் பிரேக்கை இழுத்தார். வண்டி நின்றது. உடனே இறங்க வேண்டுமே என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. வேலப்பன் மூச்சு வாங்க ஓடி வந்து, "தள்ளான் ஞங்கள், சவாரி நிங்ஙள்! கொள்ளாம் அண்ணாச்சி!" என்று கதவைத் தட்டிய பிறகுதான் இறங்கினோம்.

அந்தப் பெட்டியைக் கழற்றி, நிமிர்த்தி வைத்து, வேறு பட்டை போட்டு ஒட்டினார்கள். அண்ணா வந்தார். வண்டி பளபள என்று நின்றது. "உன் சம்சாரம் தச்ச சீட்டு பேஷா இருக்கு" என்று ரமணி சாமி சொன்னார். அண்ணா என் வீட்டுக்காரரை மட்டும் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று போய் வந்தார். மூன்றாவது ஆளுக்கு இடம் ஏது? திரும்பி வந்தவரிடம், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"நல்ல வேகம்" என்றார். பிறகு கை கழுவிக்கொண்டே, "நம்ம வந்த மாதிரி இல்ல" என்றார்.

வண்டியை அவர்கள் கொண்டு போய்விட்டார்கள். பிறகு எங்கே போனது என்று தெரியாது. நாங்கள் பழையபடி பஸ்ஸில் போனோம். நான் முன்னால், அவர் பின்னால். இப்போது அவரும் இல்லை. வேலப்பனும் இல்லை.

போன மாதம் மகன் அவனுடைய காரில் என்னை அந்த வழியாகக் கூட்டிப் போனான். "இந்த இறக்கத்துல கொஞ்சம் மெதுவாப் போப்பா" என்றேன். "எந்த இறக்கம் அம்மே? இது நிரப்பான ரோடல்லே?" என்றான். சமதளமாம். எட்டிப் பார்த்தேன். ரோட்டை அகலமாக்கியிருந்தார்கள். எனக்கும் இறக்கம் தெரியவில்லை.

ரோட்டை மேடாக்கிவிட்டார்களா, இல்லை என் நினைவுதான் அதை இழுத்து நீட்டி வைத்திருக்கிறதா? கரமனையில் அந்தக் காலத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு உதவி செய்ய வேண்டும். பிள்ளையார் கோயிலிலிருந்து ஆற்றுக்கு வரும் வழியில், தள்ளாமலே ஒரு வண்டி போகிற மாதிரி இறக்கம் அப்போது எவ்வளவு தூரம் இருந்தது என்று விசாரித்துச் சொல்லுங்கள். நான் எழுதியதைவிடக் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்.